உயிலா, செட்டில்மென்டா, டிரஸ்டா: வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தொழிலை விட்டுக்கொடுங்கள்

தமிழ்நாட்டில் சொத்து கைமாறும் விதத்தைக் கவனித்தால் ஒன்று கண்ணில் படும். குடியிருக்கும் வீட்டை 65 வயதிலேயே மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற அதே அப்பா, கம்பெனி செக் புத்தகத்தை 80 வயதிலும் தன் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். வீட்டைக் கொடுத்தால் தங்க இடம் போகும், செக் புத்தகத்தைக் கொடுத்தால் அதிகாரம் மட்டும்தான் போகும். ஆனாலும் முதலில் கைவிட்டுப் போவது வீடுதான். என்னைக் கேட்டால் இரண்டையும் அப்படியே மாற்றிப் போட வேண்டும். வீட்டுக்கு உயில், தொழிலுக்கு உயிரோடு இருக்கும்போதே கைமாற்றம். இதை ஏன் சொல்கிறேன் என்பது ஒவ்வொரு பத்திரமும் எப்போது வேலை செய்யும், எப்போது காலை வாரும் என்று பார்த்தால் தெரியும்.

கீழே உள்ளது பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வரும் குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எங்கே மாறும் என்பதை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எதுவும் எழுதாமல் விட்டால்

"எனக்கப்புறம் எல்லாம் உங்களுக்குத்தானே, இப்ப என்னத்துக்கு எழுதணும்?" என்று சொல்பவர்தான் இங்கே அதிகம். அவரும் ஒரு முடிவு எடுத்தவர்தான். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறபடி பிரியட்டும் என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான். அது எப்படிப் பிரியும் என்று அவருக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. அம்மாவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான அம்மா என்றிருந்தால் நாலில் ஒரு பங்கு அம்மாவுக்கு. அம்மா தன் பங்கைப் பற்றி எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், அது அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் இந்த வீட்டில் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். சம்பாதித்தவரின் மனைவி வீட்டை விற்க நினைத்தால் கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் நிறையப் பேர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

பெண்கள் சொத்து விஷயம் இன்னும் மோசம். குழந்தை இல்லாத, கணவரையும் இழந்த பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும், பெற்ற தாய் தகப்பனுக்கு அதற்குப் பிறகுதான். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி, அவர்கள் படிக்க வைத்து, வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்த பெண். அந்தப் பணம் பிறந்த வீட்டுக்கா, புகுந்த வீட்டுக்கா என்பதுதான் கேள்வி. சட்டம் இப்படித்தான் சொல்கிறது, அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று கணவரின் உறவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாத பெண்களுக்கு உயில் என்பது வயதானபின் பார்த்துக்கொள்கிற வேலை இல்லை, முதல் சம்பளத்தோடு செய்ய வேண்டிய வேலை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கு முறை.

திருபாய் அம்பானி உயில் இல்லாமல் 2002 ஜூலையில் இறந்தார். இரண்டு மகன்களும் ஊரறிய மோதிக்கொண்டு, கடைசியில் அம்மா உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க 2005 ஜூன் ஆகிவிட்டது. வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. எழுதினால் சாவு வந்துவிடும் என்கிற அசட்டு நம்பிக்கையோ, யார் மனதையும் புண்படுத்த வேண்டாம் என்கிற தயக்கமோ, அதுதான் பெரிய வீட்டிலும் தடுக்கிறது, சின்ன வீட்டிலும் தடுக்கிறது.

உயில்

உயிலின் பலம் ஒரே வாக்கியம்: நீங்கள் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. வீடு உங்கள் பேரில், வாடகை உங்களுக்கு, மனசு மாறினால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும்.

பலவீனமும் அதே இடத்தில்தான். அது உயிர் பெறும் நாளில் அதை எழுதியவர் இருக்க மாட்டார். "இது அப்பா கையெழுத்தே இல்லை", "அப்போது அப்பாவுக்கு நினைவே இல்லை", "அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தான்" என்று யார் வேண்டுமானாலும் கிளம்பலாம். அப்போது சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 75 வயதுக்காரர் தன் 75 வயது நண்பர்கள் இரண்டு பேரைச் சாட்சி போட வைக்கிறார். இவர் போவதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள். சாட்சி உங்களைவிட 20, 25 வயது இளையவராக, ஊரைவிட்டு ஓடிப்போகாதவராக, சொத்தில் பங்கு வராதவராக இருக்கட்டும். பங்கு பெறுகிறவரே சாட்சி போட்டால் கிறிஸ்தவர்களுக்கு அவருக்கு எழுதிய பகுதி செல்லாமலே போய்விடும், இந்துக்களுக்குச் செல்லும் என்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது லட்டு மாதிரி.

பதிவு கட்டாயமில்லை என்றேன், ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். செலவு சொற்பம். நடமாட முடியாதவராக இருந்தால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவான உயில் தொலைந்துபோனாலும் இறப்புச் சான்றிதழைக் காட்டி நகல் வாங்கலாம், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களைத் தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். உயில் வில்லங்கச் சான்றிதழிலும் வராது, அதற்குத் தனிப் புத்தகம். ஆக, பதிவு செய்தால் மகனுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இன்னும் ரகசியம் வேண்டுமானால் உயிலை உறையில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, பயன்படுத்தியவரை நான் பார்த்ததில்லை.

எழுதும்போது "என் வீட்டை மூத்தவனுக்கு" என்று எழுதி நிறுத்தாதீர்கள். சர்வே எண், பத்திர எண், நான்கு எல்லை எல்லாம் வர வேண்டும். மூத்தவன் உங்களுக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு என்று ஒரு வரி, பட்டியலில் வராத, பிற்பாடு வாங்கும் சொத்து யாருக்கு என்று ஒரு வரி. இந்த இரண்டு வரி இல்லாமல்தான் பாதி உயில்கள் பாதி வேலை செய்கின்றன. ஒருவருக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் ஏன் என்பதையும் எழுதிவிடுங்கள். "என் மகளுக்கு இன்ன மனையை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் இந்த வீட்டில் பங்கு வைக்கவில்லை" என்ற வாக்கியத்தைப் படிக்கிற மகளுக்கு அப்பா தன்னை மறக்கவில்லை என்றாவது தெரியும், நீதிபதிக்கு எழுதியவர் தெளிவாக இருந்தார் என்று தெரியும்.

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும், முழுசையும் இல்லை. அதில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாடு இதை 1989லேயே கொண்டுவந்தது, மத்தியச் சட்டம் 2005இல் வந்தது, அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் முடித்து வைத்தது. "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. முஸ்லிமாக இருந்தால் கடன், ஈமச்சடங்குச் செலவு போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் கொடுக்கும் சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்கிற விதி பல பத்தாண்டுகளாகப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு அடிப்படையான, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆவது பிரிவை 2025 இறுதியில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் பட்டா மாற்றப் போகும்போது வேறு வாரிசு யாராவது ஆட்சேபம் கொடுத்தால் தாசில்தார் "கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள்" என்றுதான் சொல்வார். அந்தச் சிக்கல் இன்னும் அப்படியே இருக்கிறது.

செட்டில்மென்ட்

செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்குச் சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். அது பதிவான நிமிடத்திலிருந்து சொத்து வாங்கியவருடையது. சண்டைக்கு இடம் குறைவு, ஏனென்றால் கொடுத்தவரே உயிரோடு இருந்து "ஆமாம், நான்தான் கொடுத்தேன்" என்று சொல்கிறார். வில்லங்கத்தில் ஏறிவிடும், பட்டா உடனே மாறும், வாங்கியவர் அடுத்த வாரமே அதை வைத்துக் கடன் வாங்கலாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு வந்த தொகை இது, முன்பு 25,000, 4,000 என்று இருந்தது. ஒரு கோடி ரூபாய் வீடாக இருந்தாலும் 50,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

வரியும் பெரிதாக இல்லை. இந்தியாவில் வாரிசு வரி 1985லேயே போய்விட்டது, பழைய நன்கொடை வரி 1998இல் போய்விட்டது, நெருங்கிய உறவினரிடமிருந்து வருவதற்கு வருமான வரியும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மனைவி பேருக்கோ மருமகள் பேருக்கோ எழுதிக் கொடுத்தால் அதில் வரும் வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வயதுவந்த மகன், மகளுக்குக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சுலபம், மலிவு, உறுதி. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்?

திரும்ப வாங்க முடியாது, அதனால்தான். உயிலைக் கிழிப்பதுபோல இதைக் கிழிக்க முடியாது. கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் போட்டால் அது நிற்காது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007, அதன் 23ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அவன் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டுப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வைக்கலாம். ஆனால் "நிபந்தனையோடு" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதுவது "அன்பின் காரணமாகவும் பாசத்தின் காரணமாகவும்" என்ற வரி, பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்படி நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால் 23ஆவது பிரிவைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு, இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று வேறொரு வழக்கில் அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று 78 வயதில் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டுமா?

கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் இரண்டு விஷயம் பத்திரத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று, கணவன் மனைவி இருவரின் ஆயுள்வரைக்கும் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அனுபவ உரிமை. "இருவரின்" என்பது முக்கியம், அப்பாவின் ஆயுளோடு நிறுத்திவிட்டால் அம்மா நடுத்தெருவில். இரண்டாவது, சாப்பாடு, மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பு நிபந்தனை, தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற வரியோடு. இதைச் சொன்னதும் "பையனை நம்பலையா?" என்று யாராவது முகம் சுளிப்பார்கள். நம்புகிற பையன் இந்த வரியைப் பார்த்துக் கோபப்பட மாட்டான். கோபப்பட்டால் அதுவும் பத்திரம் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

செட்டில்மென்ட் நல்ல தேர்வாக இருக்கும் இடமும் உண்டு. நீங்கள் நம்பி வாழாத சொத்து, அதாவது காலி மனை, இரண்டாவது வீடு, மகளுக்கு என்று எப்போதோ வாங்கிப் போட்டது. அதையெல்லாம் இருக்கும்போதே கொடுங்கள், அவர்களுக்கு 35 வயதில் தேவைப்படுவது 60 வயதில் தேவைப்படாது. அண்ணன் தம்பிகள் வம்பு பண்ணுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் உயிலைவிட இதுதான் உறுதி.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு விவசாய நிலம் கொடுப்பதாக இருந்தால் கவனம். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது, வாரிசாக மட்டும்தான் பெறலாம். ஆகையால் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தோப்பு என்றால் செட்டில்மென்ட் என்ற பேச்சே கிடையாது, உயில்தான்.

டிரஸ்ட்

இப்போது யூடியூபில் எல்லோரும் குடும்ப டிரஸ்ட் என்கிறார்கள். சொத்தை ஓர் அறக்கட்டளையின் பேரில் வைத்து, குடும்பத்துக்காக டிரஸ்டிகள் நிர்வகிப்பதுதான் அது. பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. தனிப் பான் எண், தனிக் கணக்கு, வருடா வருடம் ரிட்டர்ன், நம்பிக்கையான டிரஸ்டிகள். அந்தக் கடைசிச் சரக்குதான் கிடைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினால் வருமானம் உங்கள் கணக்கிலேயே சேரும். கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க டிரஸ்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள், ஏமாற்றும் நோக்கத்தில் மாற்றிய சொத்தைக் கடன்காரர் கோர்ட்டில் உடைக்க முடியும்.

மீதி ஒரு குடும்பம் யார்? தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கும் வீடு. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள மகனுக்கு வீட்டை எழுதிவைத்தால் அவனால் வாடகை வசூலிக்க முடியாது, கையெழுத்தை யாராவது வாங்கிக்கொள்வார்கள். அக்காவுக்கு எழுதிவைத்து "தம்பியைப் பார்த்துக்கொள்" என்றால், அக்காவுக்குப் பிறகு? இந்த இடத்தில் டிரஸ்டுக்கு மாற்றே கிடையாது. சொத்து டிரஸ்டின் பேரில், வருமானம் அவன் செலவுக்கு, ஒரு டிரஸ்டி போனால் அடுத்தவர் யார் என்பதும் எழுத்தில். கூடவே 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனமும் வாங்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. டிரஸ்டை இப்போதே தொடங்காமல் உயில் வழியாக உங்களுக்குப் பிறகு பிறக்கும்படியும் எழுதலாம், செலவு மிச்சம். ஆனால் சின்னத் தொகையில் இப்போதே தொடங்கி, டிரஸ்டிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது நல்லது.

நாமினி போட்டிருக்கிறேனே, போதாதா என்ற கேள்விக்கு வேகமாகப் பதில்: போதாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலும் வாரிசுச் சட்டமும்தான் சொல்லும். பங்குகளுக்கும் இதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015க்குப் பிறகு மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். பி.எஃப். கணக்கில் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேரைப் போட்டிருந்தால் கல்யாணத்தோடு அது செல்லாததாகிவிடும், புதிதாகப் போட வேண்டும். உயிலும் நாமினியும் ஒரே ஆளைக் காட்டும்படி பார்த்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

தொழில் மட்டும் ஏன் வேறு

ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அப்பா பேரில் புரொப்ரைட்டர் கன்சர்ன், அதாவது அவர் ஒருவருக்கே சொந்தமான தொழில், பத்து ஆட்கள். மகன் 15 வருடமாக அங்கேயே இருக்கிறான், சம்பளம் என்று எதுவும் எழுதியதில்லை, வேண்டியபோது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) இருக்கிறது, அதற்கு அடமானம் குடியிருக்கும் வீடு. அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போய்விடுகிறார்.

வங்கிக்குச் செய்தி தெரிந்த கணமே கரண்ட் அக்கவுண்ட் நிற்கும். அவர் கையெழுத்துப் போட்டு வைத்த செக்குகளும் நிற்கும். "அப்பா கொடுத்த பவர் என்கிட்ட இருக்கு" என்பான் மகன், அந்த அதிகாரப் பத்திரம் அப்பாவின் மூச்சோடு போய்விட்டது. ஜி.எஸ்.டி. எண் அப்பாவின் பான் எண்ணில் தொங்குகிறது, மகன் புதிய எண் வாங்கி, பழையதில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவம் போட்டு மாற்ற வேண்டும். பார்ட்டிகள் பழைய கணக்குக்குப் பணம் போட்டுக்கொண்டே இருப்பார்கள், எடுக்க முடியாது. சனிக்கிழமை கூலி நாள். வெளியில் வட்டிக்கு வாங்குவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை.

இத்தனைக்கும் அப்பா உயில் எழுதியிருந்தாலும் அந்தச் சனிக்கிழமை இப்படித்தான் இருந்திருக்கும். உயில் இயந்திரத்தைக் கொடுக்கும், வீட்டைக் கொடுக்கும். கரண்ட் அக்கவுண்டையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் வாடிக்கையாளர் நம்பிக்கையையும் அதனால் கொடுக்க முடியாது. புரொப்ரைட்டர் கன்சர்ன் என்பது சட்டத்தின் கண்ணில் அந்த ஆள்தான், ஆள் போனால் அதுவும் போயிற்று. அதனால்தான் தொழிலை உயிலை நம்பி விடக்கூடாது என்கிறேன்.

உயில் இல்லையென்றால் இன்னொன்றும் நடக்கும். அம்மா, மகன், மகள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, பட்டறையிலும் சேர்த்துத்தான். மகன் தன் 15 வருட உழைப்பு என்று நினைப்பதை மகள் அப்பாவின் சொத்து என்று நினைப்பாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எழுத்தில் எதுவும் இல்லாததால் தீர்க்கத்தான் வழி இல்லை. அவனுக்கு மாதச் சம்பளம் என்று கணக்கில் காட்டியிருந்தால் பாதிச் சண்டை பிறந்தே இருக்காது. பிள்ளை தொழிலில் இருக்கும் எல்லா வீட்டிலும் இந்த மாதத்திலிருந்து சம்பளத்தை எழுத ஆரம்பிக்கலாம், அதற்கு வக்கீல்கூட வேண்டாம்.

சரி, எந்த உருவத்துக்கு மாற்றுவது? அப்பாவும் மகனும் பார்ட்னர்ஷிப் என்பதுதான் ஆடிட்டர் முதலில் சொல்லும் வழி. இரண்டே பேர் என்றால் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும், "வாரிசைச் சேர்த்துக்கொண்டு தொடரலாம்" என்று டீடில் (பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரத்தில்) எழுதியிருந்தாலும் இரண்டு பேர் மட்டும் இருந்த நிறுவனம் தொடராது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. அம்மாவையோ மகளையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் "ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்" என்ற வரி டீடில் இருந்தால்தான். வெளியேறுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் கணக்குத் தீர்க்காமல் இழுத்தடித்தால், இறந்தவரின் வாரிசுகள் அதுவரைக்கான லாபத்தில் பங்கோ வருடத்துக்கு 6 சதவீத வட்டியோ கேட்கலாம் என்கிறது 1932ஆம் ஆண்டுப் பார்ட்னர்ஷிப் சட்டம்.

எல்.எல்.பி.யில், அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப்பில், ஒருவர் போனாலும் நிறுவனம் நிற்கும், இறந்தவரின் வாரிசுக்குப் பணம் போகும், நிர்வாகத்தில் தலையிடும் உரிமை தானாகப் போகாது. ஒரு பிள்ளை தொழிலில், ஒரு பிள்ளை வெளியில் என்றிருக்கும் குடும்பத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பிரைவேட் லிமிடெட் என்றால் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றலாம், அதுதான் அதன் அழகு. இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பங்கு வாரிசுக்குப் போகும், இயக்குநர் பதவி போகாது. அப்புறம், 25 சதவீதத்துக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ அவரால் சிறப்புத் தீர்மானத்தை, அதாவது முக்கால் பங்கு ஓட்டு தேவைப்படும் முக்கிய முடிவுகளை, தடுக்க முடியும். தொழில் பக்கமே வராத பிள்ளைக்கு "நியாயமாக இருக்கட்டும்" என்று 30 சதவீதம் கொடுப்பது, நடத்துகிற பிள்ளையின் கையைக் கட்டுவது. வெளியில் இருப்பவருக்கு மனையோ வாடகை வரும் கட்டடமோ கொடுத்துச் சமன் செய்யுங்கள், கம்பெனிப் பங்கை நடத்துகிறவரிடம் விடுங்கள்.

வீடு அடமானத்தில் இருக்கிறது என்றேன் அல்லவா, தமிழ்நாட்டுச் சிறுதொழில் குடும்பங்களில் இதுதான் உண்மையான முடிச்சு. வீடு மகளுக்கு, பட்டறை மகனுக்கு என்று அப்பா அழகாக உயில் எழுதுகிறார். மகன் நடத்தும் பட்டறையின் கடனுக்கு மகளின் வீடு பிணையாக நிற்கிறது, மூலப்பத்திரம் வங்கியில். அவன் தடுக்கினால் ஏலத்துக்குப் போவது அவள் வீடு. பங்கு சமம், ஆபத்து முழுக்க ஒரு பக்கம். அதனால் உயில் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வங்கியோடு பேசி வீட்டை விடுவிப்பது, அல்லது பட்டறை இடத்தையோ வேறு மனையையோ மாற்றுப் பிணையாகக் கொடுப்பது. இது ஒரு நாளில் நடக்காது, வருடக்கணக்கில் கடனைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கலாம். முடியாவிட்டால் உயிலிலேயே "இந்தக் கடனை அடைத்து வீட்டை விடுவிக்கும் பொறுப்பு பட்டறை பெறுகிற மகனுடையது" என்றாவது இருக்கட்டும்.

அப்பா விலகும்போதும் இதே கவனம் வேண்டும். பார்ட்னர்ஷிப்பிலிருந்து விலகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னால் போதாது, பதிவான நிறுவனமாக இருந்தால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்கும்வரை வெளியாட்களுக்கு நீங்களும் பொறுப்புதான். வங்கிக்குக் கொடுத்த தனிப்பட்ட ஜாமீன் அதற்குப் பிறகும் தொடரும், "விடுவித்தோம்" என்று வங்கி எழுத்தில் கொடுக்கும்வரை.

கைமாற்றம் என்றால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதில்லை. முதலில் இருவர் கையெழுத்து. அப்புறம் ஒரு தொகைவரை மகனோ மகளோ தனியாக. அப்புறம் வங்கியோடும் பெரிய பார்ட்டிகளோடும் அவர்களே பேசுவது, அப்பா பக்கத்தில் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று தெரியும். பெரிய பார்ட்டி போனில் "பெரியவர் இல்லையா?" என்று கேட்கும்போது போனை வாங்காமல் இருப்பதற்கு ஒரு வைராக்கியம் வேண்டும்.

பிள்ளைகள் யாருக்கும் அந்தத் தொழிலில் விருப்பம் இல்லை என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், விற்றுவிடுங்கள். ஆர்டர் புத்தகம் நிரம்பியிருக்கும்போது, உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போது, போட்டியாளரிடமோ உங்களிடமே 20 வருடமாக இருக்கும் ஃபோர்மேனிடமோ. ஓடுகிற பட்டறைக்கு வாடிக்கையாளரோடு சேர்த்து விலை பேசலாம். மூடி ஆறு மாதமான பட்டறையின் லேத்துகளை எடைக்குத்தான் கேட்பார்கள்.